கிக்குயூ புல்லை எடுத்துவிட்டு என்ன நடலாம்? டர்பன் வீடுகளுக்கான தரைமூடிச் செடி வழிகாட்டி

அக்டோபரில் மழை இறங்கியதும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் முழுக்கக் காதில் விழுவது புல்வெட்டும் மெஷின் சத்தம்தான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், ரிசர்வாயர் ஹில்ஸ், எங்கே போனாலும் சனிக்கிழமை காலை அதே இரைச்சல். மார்ச் முடியும்வரை வாரம் தவறினால் புல் கணுக்கால் உயரம் வந்துவிடும். அப்புறம் குளிர்காலத்தில் மழை நின்று, அதே புல் வைக்கோல் நிறத்துக்குப் போய், அங்கங்கே மண் தெரியும். ஆறு மாதம் வெட்டு, ஆறு மாதம் வறட்சி. இதற்கு உரம் வேறு, தண்ணீர் வேறு, மெஷினுக்கு பெட்ரோல் வேறு.

இந்தப் புல்லின் பெயர் கிக்குயூ. கென்யாவின் கிக்குயூ மக்கள் வாழும் மலைப்பகுதியிலிருந்து வந்தது. மண்ணுக்கு மேலேயும் கீழேயும் தண்டு விட்டு ஓடும், நல்ல வெயிலும் நிறைய தண்ணீரும் உரமும் கேட்கும். கால்பந்து மைதானத்துக்கு இதைவிட நல்ல புல் கிடையாது. ஆனால் பெரும்பாலான வீட்டு முற்றங்கள் மைதானம் இல்லையே. மாமர நிழல் ஒரு பக்கம், வீட்டுக்குப் பின்னால் சரிவு, மதிலோரம் யாரும் கால் வைக்காத மூன்றடி. அங்கெல்லாம் கிக்குயூ சும்மா வேலை வாங்குகிறதே தவிர ஒழுங்காக வளர்வதும் இல்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: புல்லுக்குப் பதிலாக முற்றம் முழுக்க ஒரே ஒரு அதிசயச் செடியைத் தேடாதீர்கள், அப்படி ஒன்று இல்லை. முற்றத்தைத் துண்டு துண்டாகப் பாருங்கள். கால் படும் இடம், வெயில் காயும் இடம், நிழல், சரிவு. ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று செடி உண்டு, அதில் பாதிக்கு மேல் இந்த மண்ணிலேயே பிறந்தவை. இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பராமரிப்பு குறைவு என்பது இரண்டாம் வருடத்திலிருந்துதான். முதல் வருடம் புல்தரையைவிட அதிக வேலை இருக்கும். அதற்கு மனசில்லை என்றால் புல்லையே வெட்டிக்கொண்டிருப்பது நல்லது.

முதலில் முற்றத்தைப் பாருங்கள், நர்சரிக்கு அப்புறம் போகலாம்

ஒரு லீவு நாளில் காலை எட்டு மணிக்கும், மதியம் பன்னிரண்டுக்கும், சாயங்காலம் நாலுக்கும் வெளியே வந்து எங்கே வெயில், எங்கே நிழல் என்று ஒரு தாளில் கிறுக்கிக்கொள்ளுங்கள். நாம் இருப்பது பூமியின் தென்பாதி, அதனால் இங்கே வடக்குப் பார்த்த பக்கம்தான் வெயில் பக்கம். தமிழ்நாட்டு யூட்யூப் சேனல்களைப் பார்த்துத் தோட்டம் போடுகிறவர்கள் திசையையும் மாதத்தையும் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து மண். பெரியா மேட்டிலும் அதை ஒட்டிய கரையோர மேடுகளிலும் இருப்பது சிவப்பு மணல், தண்ணீர் ஊற்றினால் சர்ரென்று இறங்கிவிடும், பெருமழையில் அரித்துக்கொண்டும் போகும். உள்ளே தள்ளிப் போனால் பல இடங்களில் களிமண். ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டி, வாளித் தண்ணீர் ஊற்றி விட்டு, மறுநாள் காலையில் எட்டிப் பாருங்கள். தண்ணீர் இன்னும் நின்றால் அந்த இடத்துக்குச் சதைப்பற்றுள்ள செடிகள் ஆகாது, அழுகிப் போகும்.

மூன்றாவது, கால். பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள், துணி காயப்போட எந்த வழியாகப் போகிறீர்கள், வீட்டில் கல்யாணம், நலங்கு, பூஜை என்றால் பந்தல் எங்கே விழும், விருந்தாளிகளின் கார் எங்கே ஏறும். இந்த இடங்களைக் கோடு போட்டுத் தனியாக வையுங்கள். எந்தத் தரைமூடிச் செடியும் புல் தாங்குகிற அளவுக்கு மிதியைத் தாங்காது. கடைக்காரர் தாங்கும் என்று சொன்னால் அவர் சொல்வது எப்போதாவது ஒரு கால் வைப்பதைப் பற்றி.

கால் படும் இடத்துக்கு: புல்லையே மாற்றுங்கள்

இந்த இடத்தில் என் யோசனை கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். புல்லை முழுக்க ஒழிக்க வேண்டாம், சிறியதாக்குங்கள், வகையை மாற்றுங்கள். எல்.எம். புல் என்று எந்த நர்சரியில் கேட்டாலும் கொடுப்பார்கள். எல்.எம். என்றால் லொரன்சோ மார்க்கஸ், இன்றைய மபூட்டோவின் பழைய பெயர். மொசாம்பிக்கிலிருந்து நம் கரை வரைக்கும் இயல்பாக வளரும் புல் இது. அரை நிழலில் கிக்குயூவைவிட நன்றாகப் படரும், வெட்டும் வேலையும் குறைவு. மரத்தடியில் கொஞ்சம் உயரமாகவே விட்டுவிட்டாலும் அலை அலையாகச் சாய்ந்து அழகாகத்தான் இருக்கும். உறைபனி மட்டும் ஆகாது. அதனால் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பிடுங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

அதைவிடக் குறைவாக மிதிபடும் இடம் என்றால், நம்மவர்களுக்குப் பழக்கமான இரண்டு செடிகள் கைகொடுக்கும். ஒன்று பொடுதலை. ஊரில் பொடுகுக்குத் தேய்க்கும் அதே செடி, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் உண்டு. தரையோடு ஒட்டிப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, சின்னச் சின்ன வெளிர் ஊதா பூ வைக்கும். மேலாக ஒரு வெட்டு வெட்டினால் இன்னும் அடர்த்தியாகும். ஒரே எச்சரிக்கை, அந்தப் பூவுக்குத் தேனீ வரும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் வேண்டாம், அல்லது பூக்கும்போது வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று வல்லாரை. டர்பனில் குழாயடியிலும், தண்ணீர் தேங்கும் புல்தரையிலும் இது தானாகவே முளைத்துக் கிடக்கும், பலர் களை என்று மருந்தடித்துக் கொல்கிறார்கள். ஈரமான அரை நிழலில் அதைப் பிடுங்காமல், அதைச் சுற்றியுள்ள புல்லைப் பிடுங்கிப் பாருங்கள், வட்ட இலைகள் ஒன்றையொன்று ஒட்டித் தரையை மூடும், கண்ணில் மண்ணே படாது. தொகையலுக்கும் ஆச்சு. ஆனால் நாய் திரியும் இடத்திலும் மருந்து அடித்த இடத்திலும் வளர்ந்ததைச் சமையலுக்குப் பறிக்காதீர்கள்.

வெயில் காயும் இடத்துக்கு

இங்கேதான் தென்னாப்பிரிக்கா பணக்கார நாடு. கலிஃபோர்னியாவிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் காசு கொடுத்து வாங்கி நடும் தரைமூடிகளில் பல நம் வேலிக்கு வெளியே சும்மா வளர்பவை.

சவர் ஃபிக் என்கிற புளிப்பு அத்திதான் எல்லாருக்கும் தெரிந்தது. விரல் பருமனில் மூன்று பட்டையாகத் தடித்த இலை, பெரிய பூ. நாட்டின் தென்மேற்கில், கேப் பக்கம் மஞ்சள் பூ பூக்கும் வகை, அதன் பழத்தில் ஜாம் போடுவார்கள். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துக் கடற்கரை மணல்மேட்டில் கிடப்பது ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ வகை. உப்புக் காற்று, மணல், தண்ணீர் இல்லாமை எதுவும் இதை ஒன்றும் செய்யாது. கடலோர வீடு என்றால் யோசிக்காமல் இதை நடலாம். கடற்கரையில் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள், அந்த மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். நர்சரியிலோ நண்பர் வீட்டிலோ ஒரு கொத்து கிடைத்தால் போதும்.

ஆப்டினியா அதற்குச் சின்னத் தங்கை. பளபளப்பான இதய வடிவ இலை, சின்னச் சிவப்புப் பூ. உடைந்த துண்டு கீழே விழுந்தால்கூட முளைக்கும். அரை வெயிலிலும் வரும். மதிலோரத்துக்கும், டிரைவ்வேயின் இரண்டு சிமெண்டுப் பட்டைகளுக்கு இடையிலான நடுப்பகுதிக்கும் என் முதல் தேர்வு இதுதான்.

கசானியா பூவுக்காக நடுவது. படரும் வகையைக் கேட்டு வாங்குங்கள், குத்தாக வளரும் வகை தரையை மூடாது. மேகமூட்டமான நாளில் பூ மூடிக்கொள்ளும், நோய் என்று பயப்பட வேண்டாம்.

டைமோண்டியா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் புல்லுக்கு மாற்று என்று தேடினால் முதலில் வருவது இதுவாகத்தான் இருக்கும். மேலே சாம்பல் பச்சை, கீழே வெள்ளை, ஓரம் சுருண்ட குட்டி இலை, தரையோடு தரையாகப் பாய் விரித்த மாதிரி இருக்கும், லேசான மிதியையும் தாங்கும். நடைபாதைக் கற்களுக்கு இடையே இதைப் போல வேறொன்று இல்லை. ஆனால் இது கேப்பின் தென்முனை அகுல்யாஸ் சமவெளிச் செடி. அங்கே மழை குளிர்காலத்தில், கோடையில் மண் காயும். டர்பனின் புழுக்கமான கோடையில், வருடத்துக்கு சுமார் 1000 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச்சுக்குள் கொட்டும் ஊரில், தண்ணீர் நன்றாக வடியும் மணலில் நட்டால்தான் நிற்கும். களிமண்ணில் நட்டால் நடுவே கறுத்து ஓட்டை விழும். கேப் டவுனில் இருப்பவர்கள் தயங்காமல் நடுங்கள். 2018 பிப்ரவரியில் அங்கே ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தபோது குழாய்த் தண்ணீரில் புல்தரை நனைப்பதைப் பற்றிப் பேசவே முடியவில்லை. வேர் ஆழமாகப் போகும் இந்த மாதிரிச் செடிகளின் அருமை அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

நிழலுக்கு

மாமரத்தடி, வீட்டின் தென்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். புல் வராத இந்த இடங்களில்தான் மாற்றம் உடனே கண்ணில் தெரியும்.

கிராசுலா மல்டிகாவா, காய்ந்த நிழலுக்கு இதை அடிக்க ஆளில்லை. மரவேர்கள் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிட்ட மண்ணிலும் வளரும். கிட்டே போய்ப் பார்த்தால் வட்டமான தடித்த இலையில் பொடிப்பொடியாகப் புள்ளி தெரியும், குளிர்காலத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நுரை போலப் பூக்கும், பூத்து முடித்த தண்டிலேயே குட்டிச் செடிகள் தொங்கும். அந்தத் தண்டை அப்படியே தரையில் சாய்த்து வைத்தால் அவை தானாக வேர் பிடிக்கும். ஒரு தொட்டிச் செடி வாங்கினால் போதும், அடுத்த வருடத்துக்குள் தெருவுக்கே கொடுக்கலாம்.

பிளெக்ட்ரான்தஸ் குடும்பம் நமக்கு அந்நியமில்லை, நம் கற்பூரவள்ளியின் சொந்தம். இலையைக் கசக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும். தரையோடு படரும் வகைகளைக் கேளுங்கள். இலையின் அடிப்பக்கம் ஊதா நிறத்தில் இருக்கும் ஒரு வகை ஈர நிழலில் மிக அழகாக இருக்கும். இலையுதிர் காலத்தில், அதாவது இங்கே மார்ச்சிலிருந்து மே வரை, பூக்கும். பூ முடிந்ததும் பாதிக்கு வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் காலெல்லாம் நீண்டு மொட்டையாகிவிடும்.

ஹென் அண்ட் சிக்கன்ஸ் என்று எல்லார் வீட்டு வராந்தாவிலும் தொங்கும் செடி, பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட நீள இலை, அதுவும் இந்த நாட்டுச் செடிதான். தொங்கவிடுவதை விட்டுவிட்டு மரத்தடியில் நடுங்கள். குட்டிகள் தரையைத் தொட்ட இடத்தில் வேர் விடும். புல் போலவே குட்டையாக வளரும் மாண்டோ கிராஸும் நிழலுக்கு நல்லதுதான், ஆனால் மூடுவதற்கு நிரம்ப நாள் எடுக்கும், நெருக்கமாக நட வேண்டியிருப்பதால் காசும் கரையும்.

சரிவுக்கு

சாட்ஸ்வொர்த்திலும் சுற்றுவட்டாரத்திலும் மேடு பள்ளம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மலையை வெட்டித் தட்டு தட்டாக வீடு கட்டியதில் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு சரிவு. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் கொட்டிய மழை, சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல், குவாசுலு-நட்டாலில் 400க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. எத்தனையோ வீடுகளின் சரிவு அப்படியே இறங்கிவிட்டது. அதனால் இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

தரைமூடிச் செடி மேல்மண் அரிப்பைத் தடுக்கும், அவ்வளவுதான். சரிவே உள்ளுக்குள் நகர்கிறது, விரிசல் தெரிகிறது, மதில் வயிறு தள்ளி நிற்கிறது என்றால் அது செடியால் தீரும் விஷயம் இல்லை, பொறியாளரைக் கூப்பிடுங்கள். அடுத்தது, கூரைத் தண்ணீர். பீலிக் குழாய் சரிவின் தலையில் வந்து கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் முதலில் அதைக் குழாய் போட்டுக் கீழே வடிகாலுக்குக் கொண்டுபோங்கள். இதைச் செய்யாமல் என்ன நட்டாலும் வீண்.

செங்குத்தான சரிவில் புளிப்பு அத்தியை நடாதீர்கள். எல்லாரும் செய்வது இதைத்தான், ஏனென்றால் சீக்கிரம் மூடும். ஆனால் அதன் இலை முழுக்கத் தண்ணீர், வேரோ மேலாகத்தான் இருக்கும். அடைமழையில் நனைந்த கனத்தில் மொத்தப் பாயும் மண்ணோடு சேர்ந்து கீழே வழுக்கி வந்துவிடும். லேசான சாய்வு என்றால் பரவாயில்லை.

சரிவுக்கு என் யோசனை வெட்டிவேர். ஆமாம், பானைத் தண்ணீரில் போடும் அதே வெட்டிவேர்தான். நட்டாலின் கரும்புத் தோட்டங்களில் மண் அரிப்பைத் தடுக்க வரப்போரம் நட்டுப் பழகிய புல் அது. வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராகக் கீழே இறங்கும், நல்ல மண்ணில் மூன்று மீட்டர் வரைகூடப் போகும். தென்னிந்திய வகை முளைக்கும் விதை போடாது, அதனால் பரவித் தொல்லை கொடுக்காது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், கையகல இடைவெளியில் தூர்களை வரிசையாக நடுங்கள். அடுத்த வரிசை அதற்கு ஒரு மீட்டர் கீழே. வரிசைகளுக்கு நடுவே வெயில் பக்கம் என்றால் ஆப்டினியாவும் கசானியாவும், நிழல் என்றால் கிராசுலாவும் பிளெக்ட்ரான்தஸும். செடி பிடிக்கும்வரை மண் கரையாமல் இருக்கப் பழைய சணல் சாக்கை விரித்து, முழ நீளக் குச்சிகளைச் சீவி அடித்து இறுக்கி, சாக்கில் ஓட்டை போட்டு அதற்குள் நடுங்கள். சாக்கு வருடத்துக்குள் மக்கிப் போகும், அதற்குள் செடி மூடிவிடும்.

எதை நடவே கூடாது

வெடிலியா. மஞ்சள் பூ, பளபளக்கும் இலை, சாலையோரச் சரிவுகளில் எல்லாம் கிடக்கும். கேட்டால் யாரும் ஒரு மூட்டை கொடுப்பார்கள். வாங்காதீர்கள். குவாசுலு-நட்டாலில் இது அந்நிய ஊடுருவிச் செடிப் பட்டியலில் 1-பி பிரிவில் இருக்கிறது. அப்படியென்றால் விற்கக்கூடாது, கொடுக்கக்கூடாது, நடக்கூடாது, ஏற்கெனவே இருந்தால் நிலத்துக்காரர் கட்டுப்படுத்த வேண்டும். கோடு போட்ட ஊதா இலை டிரடஸ்கான்ஷியாவும் அதன் பச்சை இலைச் சகோதரனும் அதே பிரிவு, உன்னிச்செடியும் அப்படியே. விதிகளின்படி, வீட்டை விற்கும்போது தோட்டத்தில் இந்தப் பட்டியல் செடிகள் இருந்தால் வாங்குகிறவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பல பேருக்கு இது தெரியாது.

பிளாஸ்டிக் புல்லைப் பற்றி ஒரே வரி: டிசம்பர் மதியத்தில் அதன்மேல் வெறுங்காலோடு நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிக்குயூவை எடுப்பது

முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. இதை அரைகுறையாகச் செய்துவிட்டு மேலே எவ்வளவு விலை உயர்ந்த செடியை நட்டாலும், மூன்றாவது மாதம் அதன் நடுவிலிருந்து கிக்குயூ எட்டிப் பார்க்கும். அப்போது செடியைப் பிடுங்காமல் புல்லைப் பிடுங்க முடியாது.

கையால் எடுப்பதென்றால், மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். மண்வெட்டியால் ஒரு மண்வெட்டி அகலத்துக்குப் பட்டை பட்டையாகக் கோடு வெட்டி, மேல் பாயை அடியில் சீவிச் சுருட்டி எடுங்கள். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கீழே வெள்ளையாக, கயிறு போல, கணு கணுவாக ஓடும் தண்டுகள் இருக்கும், அவைதான் எதிரி. இதற்கு மண்வெட்டி வேண்டாம், கவைமுள் (முள்கரண்டி மாதிரிப் பல் உள்ள தோட்டக் கருவி) போட்டு நெம்புங்கள். மண்வெட்டி அந்தத் தண்டைத் துண்டாக்கும், கணு உள்ள ஒவ்வொரு துண்டும் ஒரு புதுப் புல். உழும் மெஷின் வாடகைக்கு எடுக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், ஒரு புல்லை ஆயிரமாக்கும் வழி அது. ஒரு சாண் ஆழம்வரை நெம்பி, கையால் உதறிப் பொறுக்க வேண்டும். பொறுக்கியதை உரக்குழியில் போடாமல் சிமெண்டுத் தரையில் பரப்பி, ஒடித்தால் முறியும் அளவுக்குக் காய்ந்தபின் அப்புறப்படுத்துங்கள்.

பிறகு உடனே நடாதீர்கள். தண்ணீர் விட்டு மூன்று நான்கு வாரம் சும்மா போடுங்கள். தப்பியது எல்லாம் முளைத்துக் காட்டும், அதையும் பொறுக்குங்கள். இந்தக் காத்திருப்புதான் பின்னால் வரும் பல மாத வேலையைக் குறைக்கிறது.

பெரிய இடம், முதுகு ஒத்துழைக்காது என்றால் கிளைஃபோசேட் கலந்த களைக்கொல்லி இருக்கிறது. புல் பச்சையாக, வேகமாக வளரும் காலத்தில் அடித்தால்தான் வேர்வரை போகும், ஜூலையில் காய்ந்த புல்லில் அடிப்பது தண்டம். காற்றில்லாத, மழை வராத காலையில், கையுறை போட்டு, டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு மூடிகூடச் சேர்க்காமல் அடியுங்கள். இரண்டு வாரத்தில் பழுத்துவிடும். தண்ணீர் விட்டு, மீண்டும் துளிர்த்ததும் இரண்டாவது முறை அடிக்க வேண்டியிருக்கும். ஓடை, குளம், வாய்க்கால் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், தவளைகள் பாவம்.

கறுப்பு பிளாஸ்டிக் விரித்து மூடி வைப்பது மூன்றாவது வழி. கோடையில் இரண்டு மூன்று மாதம் ஓரம் எல்லாம் மண் போட்டு இறுக்கி வைத்தால் வெளிச்சமில்லாமல் சாகும். அட்டைப்பெட்டி விரித்து மேலே மக்கிய எரு போடும் முறையை வெளிநாட்டுக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள், அது சாதாரணப் புல்லுக்கு. கிக்குயூ அட்டையைக் குத்திக்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டில் கிக்குயூ இருந்தால், அது வேலிக்கடியில் திரும்பி வரும், வருவது நிச்சயம். எல்லையில் ஒரு அடி ஆழத்துக்குக் குறுகலாக வெட்டி, பழைய தகரமோ தடித்த பிளாஸ்டிக் தகடோ செங்குத்தாக இறக்கி, மேலே ஒரு விரல் உயரம் தெரியும்படி விட்டு மூடுங்கள். மேலே ஏறித் தாண்டும் தண்டை மட்டும் கோடையில் மாதம் ஒருமுறை வெட்டினால் போதும்.

நடுதல்

எப்போது? டர்பனில் மழை தொடங்கும் செப்டம்பர் கடைசி, அக்டோபர். அல்லது வெயில் இறங்கி மழை இன்னும் மீதமிருக்கும் பிப்ரவரி கடைசி, மார்ச். எனக்கு இரண்டாவது பிடிக்கும், ஏனென்றால் டிசம்பர், ஜனவரியில் கிக்குயூவை ஒழித்துக்கொண்டே, வெட்டிய குச்சிகளைத் தட்டில் வேர் பிடிக்க வைக்கலாம். உறைபனி விழும் ஜோகன்னஸ்பர்க் பக்கம் பனி முடிந்த வசந்தத்தில், குளிர்கால மழை பெய்யும் கேப் டவுனில் ஏப்ரல், மே மாதத்தில்.

எத்தனை செடி? ஒரு முழம், அதாவது 45 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 5, அது புளிப்பு அத்திக்கும் பிளெக்ட்ரான்தஸுக்கும் போதும். 30 சென்டிமீட்டர் என்றால் 11, ஆப்டினியா, கசானியா, கிராசுலாவுக்கு. 20 என்றால் 25, டைமோண்டியாவுக்கு. நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர் இடத்தில் 30 சென்டிமீட்டர் இடைவெளிக்கு 132 செடி வருகிறது, எல்லாவற்றையும் தொட்டியில் வாங்கினால் கை கடிக்கும். அதனால் சில தாய்ச்செடிகள் மட்டும் வாங்கிக் குச்சி வெட்டுங்கள். சாட்ஸ்வொர்த்காரர்களுக்கு சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகத்தில் நகராட்சியின் மூலிகை நர்சரியே இருக்கிறது, நாட்டுச் செடிகளை அடையாளம் காணவாவது ஒருமுறை போய் வாருங்கள்.

குச்சி வெட்டும் முறை செடிக்குச் செடி கொஞ்சம் மாறும். ஆப்டினியாவில் விரல் நீளத் துண்டு, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி. புளிப்பு அத்தியில் ஒரு சாண் நுனி, வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் போட்டு அப்புறம் பாதியைப் புதையுங்கள். பிளெக்ட்ரான்தஸ் தண்ணீர்க் குவளையிலேயே வேர் விடும். கிராசுலாவை மண்ணில் அழுத்தினால் போதும். டைமோண்டியா தட்டில் வளர்த்ததாக வரும், கத்தியால் வேரோடு சதுரம் சதுரமாக அறுத்துக்கொள்ளலாம்.

மண்ணில் எரு போடலாமா? நிழல் செடிகளுக்கு இரண்டு விரல் உயரத்துக்கு மக்கிய எரு போட்டுக் கலக்குங்கள். புளிப்பு அத்தி, கசானியா, டைமோண்டியாவுக்கு வேண்டாம், கொழுப்பு ஏறினால் இலைதான் வரும். களிமண் என்றால் மணல் கலப்பதைவிட, மண்ணையே ஒரு சாண் மேடாக்கி அதன்மேல் நடுவது சுலபம். நேர்வரிசையில் நடாமல் முக்கோணமாக மாற்றி மாற்றி நடுங்கள், சீக்கிரம் மூடும், சரிவில் தண்ணீருக்கு நேர்வழியும் கிடைக்காது.

நட்டபின் செடிகளுக்கு நடுவே இலைச்சருகோ மரத்தூளோ மூன்று விரல் உயரத்துக்குப் போடுங்கள், தண்டை ஒட்டிப் போடாதீர்கள். முதல் மூன்று வாரம் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர், அப்புறம் வாரம் ஒருமுறை ஆழமாக, மழை வந்தால் அதுவும் வேண்டாம்.

இதில் நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, ஹடிடா. ஹா-ஹா-டி-டா என்று விடியற்காலையில் கத்தும் அந்தப் பறவை, புதிதாகக் கிளறிய ஈர மண்ணைப் பார்த்தால் விடாது. புழுவுக்காக நீள மூக்கை விட்டுக் குத்தும்போது நேற்று நட்ட கன்றெல்லாம் சாய்ந்து கிடக்கும். வேர் பிடிக்கும்வரை பழைய வலையோ கோழிக்கம்பியோ தரையோடு விரித்து நாலு மூலையில் கல் வையுங்கள். குரங்கு வரும் பகுதி என்றால் அதுவும் வந்து பிடுங்கிப் பார்க்கும், அதற்கும் இந்த வலை உதவும்.

முதல் வருடம்

களை எடுக்க வேண்டும். வேறு வழியில்லை. வாரம் ஒரு கால் மணி நேரம், உட்கார்ந்து, கையால். கோரை வந்தால் இலையை மட்டும் பிய்க்காமல் கிழங்கோடு எடுங்கள். பிளாக்ஜாக் செடியைப் பூப்பதற்கு முன்பே பிடுங்குங்கள், ஊசி ஊசியான விதை துணியில் ஒட்டி வீடு முழுக்க வரும். செடிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் களைக்கு வெளிச்சம் கிடைக்காது, வேலை தானாகக் குறையும். ஆப்டினியா அந்த நிலைக்கு ஒரே கோடையில் வந்துவிடும், டைமோண்டியாவுக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம்.

எல்லாரும் கேட்கும் கேள்வி பாம்பு. "இப்படி மூடி வச்சா பாம்பு வராதா தம்பி?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்காமல் இருக்க மாட்டார். பொய் சொல்ல வேண்டாம், வரலாம். டர்பன் தோட்டங்களில் நைட் ஆடர் என்ற விரியன் உண்டு, தேரை தின்ன வரும். அடர்ந்த செடி, ஈரம், தேரை, அப்புறம் அது. அதனால் வாசல், நடைபாதை, குழாயடி, குப்பைத்தொட்டி இவற்றைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கணுக்காலுக்குக் கீழான செடியோ கருங்கல் ஜல்லியோ மட்டும் வையுங்கள். உயரமாகும் பிளெக்ட்ரான்தஸைச் சுவரை ஒட்டி நட வேண்டாம். களை எடுக்கும்போது கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிவிடுங்கள். வாசம் அடிக்கும் ஒரு பிளெக்ட்ரான்தஸ் வகை பாம்பை விரட்டும் என்று நர்சரியில் சொல்வார்கள். அழகுக்காக வாங்குங்கள், அந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள்.

அதற்குப் பிறகு

எல்லையில் கோடைக்கு மாதம் ஒருமுறை வெட்டுவது போக, வருடத்துக்கு இரண்டு நாள் வேலை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு சுற்று: ஆப்டினியாவைக் கத்தரியால் மேலாக வெட்டுங்கள், கிராசுலாவின் காய்ந்த பூத்தண்டுகளை எடுங்கள், வெட்டிவேரை முழங்கால் உயரத்துக்குக் குறைத்து, வெட்டிய இலைகளை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். மே மாதம் இன்னொரு சுற்று: பிளெக்ட்ரான்தஸ் வெட்டு, எல்லைத் தகட்டைத் தாண்டிய கிக்குயூ தண்டுகள். கசானியா இரண்டு மூன்று வருடத்தில் நடுவே கிழடு தட்டும், அப்போது ஓரத்து இளம் பகுதிகளைப் பிரித்து நடுவில் நட்டுவிட வேண்டும். புளிப்பு அத்தியும் பழசானால் அடியில் கட்டைக் கட்டையாகக் காய்ந்த தண்டு சேரும், அந்த இடத்தை மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டு நுனிகளைப் புதைத்தால் அடுத்த கோடைக்குள் மூடிவிடும்.

வெட்டியது குவியும். ஆப்டினியாத் துண்டுகளை ஓடைக்கரையிலோ காலி நிலத்திலோ கொட்டாதீர்கள், அங்கேயே முளைக்கும். வேண்டியவர்களுக்குப் பையில் போட்டுக் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் கேட்டால் புளிப்பு அத்தியை மட்டும் சிபாரிசு செய்யாதீர்கள், நம் கடற்கரையைக் காக்கும் அதே செடி கலிஃபோர்னியாவிலும் தென் ஐரோப்பாவிலும் அந்த ஊர்ச் செடிகளை அமுக்கிக்கொண்டு கிடக்கிறது.